தொழிலாளர் இழப்பீட்டுச் செலவு: கடலூர், புதுச்சேரி முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் சிப்காட், பண்ருட்டி முந்திரி ஆலைகள், புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் ஆகிய இடங்களில் பொதுக் காப்பீட்டு முகவராக வேலை பார்க்கிறேன். தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியைப் பற்றிச் சிறு, நடுத்தர முதலாளிகள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் பிரீமியத்தில் தொடங்குகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு உண்மையான செலவைத் தீர்மானிப்பது விபத்து நடப்பதற்கு முன்பு நாம் என்ன செய்தோம், நடந்த முதல் சில நாட்களில் என்ன செய்தோம் என்பதுதான். நல்ல முகவரின் வேலை அந்த இரண்டு இடங்களிலும் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறோம். பிறகு எதற்கு இந்தப் பாலிசி?

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு வேலையில் காயம் ஏற்பட்டால், இழப்பீட்டை இ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. அவர் முதலாளியிடம் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனியாகக் கோர முடியாது. அவருக்காக இன்னொரு பாலிசி எடுப்பது வீண். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லாத முகவரை நம்ப வேண்டாம்.

ஆனால் இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் வாங்கும் ஃபிட்டர், பாய்லர் ஆபரேட்டர், சூப்பர்வைசர் எல்லாம் வெளியே நிற்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளும், முந்திரித் தோப்பில் விவசாயக் கூலி வேலை செய்பவர்களும் அப்படியே. பதிவு செய்யாமல் காண்ட்ராக்டர் அழைத்துவரும் ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முகவர் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் சம்பளப் பட்டியலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, யார் இ.எஸ்.ஐ.க்குள், யார் வெளியே என்று இரண்டாகப் பிரிப்பது. செலவுக் கட்டுப்பாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு இரட்டைச் செலவு இல்லை. வெளியே இருப்பவர் விடுபடுவதும் இல்லை.

இழப்பீடு எவ்வளவு வரும்? கணக்கு எப்படி?

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் போட்ட கணக்கு இது. இறப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதி, நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம். அதை வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அதற்கு முன் 8,000.

30 வயதுக்காரருக்குக் காரணி எண் 207.98. 15,000 ரூபாய் சம்பளம் என்றால், இறப்புக்கு 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் 18,71,820.

பகுதி ஊனத்துக்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். 40 வயதுக்காரருக்கு (காரணி எண் 184.17) அதே சம்பளத்தில் ஒரு கட்டைவிரலின் இழப்பீடு 4,97,259 ரூபாய். பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிடுவார்.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால், அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். முதல் மூன்று நாட்கள் காத்திருப்புக் காலம். ஊனம் 28 நாட்களோ அதற்கு மேலோ நீடித்தால், முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுத் தர வேண்டும். இவற்றோடு உண்மையான மருத்துவச் செலவும் முதலாளியின் பொறுப்பு.

பிரீமியம் குறையட்டும் என்று சம்பளத்தைக் குறைத்துக் காட்டலாமா?

கூடாது. பிரீமியம் ஆண்டின் மொத்தச் சம்பளத்தின் மேல் போடப்படுகிறது என்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. சில முகவர்களே யோசனையும் சொல்கிறார்கள். விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உண்மைச் சம்பளம் 15,000, பாலிசியில் காட்டியது 9,000. மேலே சொன்ன 30 வயதுத் தொழிலாளி இறந்துவிடுகிறார். இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் உண்மைச் சம்பளத்தை வைத்து 15,59,850 ரூபாய்க்கு உத்தரவு போடுவார். காப்பீட்டு நிறுவனமோ அறிவித்த சம்பளத்தோடு தன் பொறுப்பு முடிந்தது என்று 9,35,910 ரூபாயில் நின்றுகொள்ளலாம். மீதி 6,23,940 ரூபாய் முதலாளியின் கையிலிருந்து போகும். பல ஆண்டுப் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தாலும் அது ஈடாகாது.

ஆள் எண்ணிக்கையிலும் இதே கதைதான். 12 பேர் என்று எழுதிக்கொடுத்த இடத்தில் 18 பேர் வேலை செய்தால், காயம்பட்டவர் அந்த 12 பேரில் ஒருவர் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

அப்படியானால் பிரீமியத்தை நேர்மையாகக் குறைக்க வழி உண்டா?

உண்டு. தொழில் வகைப்பிரிப்பில்தான் அதிகப் பணம் வீணாகிறது. கணக்கெழுதுபவர், ஸ்டோர் கீப்பர், பவர் பிரஸ் (தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஓட்டுபவர் எல்லோரையும் ஒரே தலைப்பில் 'தொழிற்சாலைப் பணியாளர்' என்று போட்டால், ஆபத்தான வேலைக்கான விகிதம் எல்லோர் தலையிலும் விழும். வேலைவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய விகிதம் வரும். எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்த கட்டண நிர்ணயம் 2007இல் நீக்கப்பட்ட பிறகு இந்த விகிதம் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பேச இடம் இருக்கிறது. பேசும்போது கையில் மூன்று ஆண்டு விபத்து விவரமும், கிளெய்ம் விவரமும், தடுப்பு நடவடிக்கைக்கான புகைப்படங்களும் இருந்தால் முகவருக்குப் பலம்.

இன்னொன்று, ஆண்டு முடிவில் சரிக்கட்டல். தொடக்கத்தில் மதிப்பீட்டுச் சம்பளத்துக்குப் பிரீமியம் கட்டுகிறோம். ஆண்டு முடிந்ததும் உண்மையில் கொடுத்த சம்பளத்தை அறிவித்து, கூடுதல் இருந்தால் கட்ட வேண்டும்; குறைந்திருந்தால், பாலிசியின் நிபந்தனைக்கு உட்பட்டுத் திரும்பப் பெறலாம். ஆர்டர் குறைந்த ஆண்டில் இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்க வைப்பது முகவரின் கடமை.

முகவர் காகித வேலை பார்ப்பவர். விபத்தைத் தடுக்க அவரால் என்ன செய்ய முடியும்?

பட்டறைக்குள் நடந்து பார்க்க முடியும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவாவது வந்து, மேஸ்திரியோடு எல்லா இயந்திரங்களையும் சுற்றிப் பார்க்காத முகவர் பாதி வேலைதான் செய்கிறார்.

பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும்படி இயந்திரத்தை அமைத்திருப்பார்கள். அச்சு இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பீஸ் ரேட்டில் கூலி வாங்கும் தொழிலாளி, வேகம் கூட வேண்டும் என்று ஒரு பொத்தானில் மடித்த அட்டையைச் செருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுகிறார். இப்போது ஒரு கையால் தகட்டை எடுத்து வைக்கலாம், மறு கையால் ஓட்டலாம். அந்த டேப்பின் விலை சில ரூபாய். அதன் பின்னால் காத்திருப்பது மேலே சொன்ன 4,97,259 ரூபாய் கணக்கு, அதைவிட முக்கியமாக ஒரு மனிதனின் வலது கை. டேப்பைப் பிய்த்து எறிந்தால் மட்டும் போதாது, மறுநாள் திரும்ப வந்துவிடும். பீஸ் ரேட் எவ்வளவு என்று விசாரியுங்கள். பாதுகாப்பாக ஓட்டினால் குடும்பம் நடத்தும் அளவுக்குக் கூலி வரவில்லை என்றால், அந்த டேப்பைச் சுற்றியது உங்கள் கூலி விகிதம்தான். நான் பார்த்தவரை இந்த ஒரு திருத்தம் எச்சரிக்கைப் பலகைகள் அத்தனையையும்விடப் பலன் தருகிறது.

பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு வேறு பிரச்சினை. முந்திரி ஓட்டு எண்ணெய் தோலை அரிக்கும், கொப்புளம் வரும். கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நல்ல கையுறை வாங்கிக் கொடுத்தும் போடுவதில்லை என்று முதலாளிகள் குறைபட்டுக்கொள்வார்கள். கையுறை தடிமனாக இருந்தால் பருப்பு உடைகிறது. உடைந்த பருப்புக்குக் கூலி குறைகிறது. பிறகு எப்படிப் போடுவார்கள்? விரலுக்குப் பொருந்தும் மெல்லிய கையுறையை அவர்களிடமே காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மருத்துவமனை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, ஜிப்மர், தனியார் மருத்துவமனை எதுவாக இருந்தாலும், 'வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்த விபத்து' என்று சேர்க்கைக் குறிப்பில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பயத்தில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதவைக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி பின்னால் தொழிலாளிக்கும் பாதகம், முதலாளிக்கும் பாதகம். வேலையில் நடந்த விபத்து என்று மருத்துவக் குறிப்பே சொல்லாதபோது, காப்பீட்டு நிறுவனம் எதை வைத்துப் பணம் தரும்?

பிறகு முகவருக்குப் போன். அவர் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அன்றைய வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், வயதுச் சான்று, இயந்திரத்தின் புகைப்படம், கூட இருந்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றை இரண்டு நாட்களுக்குள் சேகரித்து வைக்க வேண்டும். இறப்பு அல்லது பலத்த காயம் என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். ஏழு நாட்களுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கும் அறிக்கை போக வேண்டும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இழப்பீடு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால், இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். 15,59,850 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 1,87,182. அபராதம் அதிகபட்சம் 7,79,925. அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. வட்டியையும் விலக்கி வைக்கும் பாலிசிகள் உண்டு. அந்த விலக்கு செல்லும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீட்டுத் தொகையில் கருத்து வேறுபாடு இருந்தால்கூட, நீங்கள் ஒப்புக்கொள்ளும் அளவைத் தற்காலிகமாகக் கட்டிவிட வேண்டும் என்பதுதான் சட்டம். முகவர் மிச்சம் பிடித்துத் தரக்கூடிய பெரிய தொகை இந்த வட்டியும் அபராதமும்தான்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாமா?

இந்தப் பகுதியில் மிக அதிகமாக நடப்பதும், முதலாளிகள் மிக அதிகமாக ஏமாறுவதும் இதில்தான். இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் மட்டுமே விதிவிலக்கு. முத்திரைத்தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்து வாங்கினாலும், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஊர்க்கூட்டத்தில் மூன்று லட்சம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு அடுத்த ஆண்டு ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். தங்களைக் கேட்காமல் கொடுத்த பணத்தைக் காப்பீட்டு நிறுவனமும் திருப்பித் தராது.

குடும்பத்துக்கு உடனடியாக உதவுங்கள், அடக்கச் செலவைச் செய்யுங்கள், துக்கத்தில் போய் நில்லுங்கள். இழப்பீட்டை மட்டும் ஆணையர் வழியாகக் கொடுங்கள். சிறு பிள்ளைகள் பெயரில் பணத்தை முதலீடு செய்து காக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. குடும்பத்துக்கும் அதுதான் நல்லது.

குடித்திருந்தார், இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றினார் என்றால் இழப்பீடு வேண்டாம்தானே?

இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த வாதம் எடுபடாது. மற்றக் காயங்களுக்கும், விபத்து நேரடியாக அதனால்தான் நடந்தது என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். தடுப்பைக் கழற்றுவது மாதக்கணக்கில் மேஸ்திரியின் கண் முன்னால் நடந்தது என்றால், தொழிலாளி வேண்டுமென்றே மீறினார் என்று எப்படி நிற்க முடியும்?

ஆட்கள் காண்ட்ராக்டருடையவர்கள். எங்களுக்கு என்ன பொறுப்பு?

உங்கள் தொழிலின் பகுதியான வேலையை உங்கள் வளாகத்தில் செய்யும்போது காயம்பட்டால், தொழிலாளி உங்களிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு நீங்கள் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வசூலாவது அவர் கையில் பணம் இருப்பதைப் பொறுத்தது. ஆகவே வேலை ஆர்டர் கொடுக்கும் முன் காண்ட்ராக்டரின் பாலிசி நகலை வாங்கி முகவரிடம் கொடுங்கள். காலாவதித் தேதி, ஆள் எண்ணிக்கை, வேலை நடக்கும் இடம், வேலையின் வகை ஆகிய நான்கையும் அவர் பார்க்க வேண்டும். திருப்தி இல்லை என்றால், உங்கள் பாலிசியிலேயே காண்ட்ராக்டரின் ஆட்களைச் சேர்க்கும் கூடுதல் பிரிவை எடுத்துக்கொண்டு, அந்தப் பிரீமியத்தைக் காண்ட்ராக்டரின் பில்லில் கழியுங்கள். ஒருநாள் கூலிக்கு வந்தவர் சட்டத்தில் வரமாட்டார் என்ற நம்பிக்கையும் பழசு. அந்த விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது.

ஆலை புதுச்சேரியில், ஆட்கள் கடலூர் மாவட்டத்தில். வழக்கு எங்கே வரும்?

கிருமாம்பாக்கத்தில் வேலை செய்து ரெட்டிச்சாவடியில் குடியிருப்பவர்கள் ஏராளம். விபத்து நடந்த இடத்தின் ஆணையரிடமும் மனு போடலாம், தொழிலாளியோ குடும்பமோ வசிக்கும் இடத்திலும் போடலாம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடத்திலும் போடலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால் வழக்கு அவருடைய மாவட்டத்திலேயே நடக்கலாம். வடமாநிலத் தொழிலாளர்களின் வயதுச் சான்று, சொந்த ஊர் முகவரி, வாரிசு விவரம் ஆகியவற்றைச் சேரும் நாளிலேயே வாங்கி வையுங்கள். காரணி எண் வயதைப் பொறுத்தது என்பதால், வயது தெரியாவிட்டால் இழப்பீட்டுத் தொகையும் தெரியாது. இரண்டு பக்கமும் யூனிட் வைத்திருப்பவர்கள், எல்லா முகவரிகளும் பாலிசியில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மருத்துவச் செலவு பாலிசியிலேயே அடங்கிவிடுமா?

பல பாலிசிகளில் தானாக அடங்காது. கூடுதல் பிரிவாக, ஒரு வரம்போடு எடுக்க வேண்டும். வரம்பு மிகக் குறைவாக இருந்தால் ஒரு அறுவைச் சிகிச்சைக்கே போதாது.

காயம்பட்டவர் முழுதாகக் குணமாகும் வரை வீட்டிலேயே இருப்பதுதானே நல்லது?

மருத்துவர் சொல்லும் வரை ஓய்வு கட்டாயம். அதற்குப் பிறகு, கனமான வேலை செய்ய முடியாவிட்டாலும் ஸ்டோரில் எண்ணிக்கை, தரப் பரிசோதனை, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது போன்ற இலகு வேலை கொடுக்கலாமா என்று மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். முழுச் சம்பளமும் கொடுங்கள். பாதிச் சம்பளத்தில் மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடன் ஏறுகிறது, மனம் நொந்துபோகிறது, கையும் இறுகிப்போகிறது. வாரம் ஒருமுறை முதலாளி வீட்டில் போய்ப் பார்த்தாலே பல வழக்குகள் வராது. பலர் வக்கீலைத் தேடுவது பணத்துக்காக அல்ல, தன்னை யாரும் வந்து விசாரிக்கவில்லை என்பதற்காக. குணமாகாதவரை வேலைக்கு இழுப்பது மட்டும் கூடாது. காயம் திரும்பினால் ஊனச் சதவீதம் கூடும்.

புயலுக்குப் பிறகு கூரை சரிசெய்ய எங்கள் ஆட்களையே ஏற்றலாமா?

2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல். நம் கடற்கரையில் இந்தக் கேள்வி ஒவ்வொரு புயலுக்கும் எழுகிறது. காற்றில் பறந்த ஷீட்டை மாட்ட வெளியாள் கிடைக்கவில்லை என்று லேத் ஓட்டுபவரை மேலே ஏற்றுகிறார்கள். ஈரமான பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைத்தால் நேராகக் கீழே. அவர் பாலிசியில் லேத் வேலைக்காரர். உயரத்தில் கூரை வேலை அறிவிக்கப்படவில்லை. கிளெய்மில் தகராறு வர இதுவே போதும். ஏற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் முகவரிடம் சொல்லி அந்த வேலையைப் பாலிசியில் சேருங்கள். ஷீட்டின் மேல் நடைப்பலகை, இடுப்புப் பட்டையை மாட்ட உறுதியான கம்பி, கீழே ஓர் ஆள் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் என்ன மாறியது?

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை பெரும்பாலும் பழைய சட்டத்தினுடையதுதான். முதலாளிகள் கவனிக்க வேண்டியது, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து. நேரம், இடம், சூழல் ஆகியவற்றுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால் அதுவும் வேலை விபத்தாகவே கருதப்படும். இரவு ஷிப்ட் முடிந்து கடலூர் புதுச்சேரி சாலையில் பைக்கில் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் பாலிசியின் வாசகம் பழைய சட்டத்தின் பெயரை மட்டும் சொல்கிறதா, புதிய தொகுப்பையும் ஏற்கிறதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

முகவர் கமிஷனில் பங்கு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணத்துக்குப் பதிலாக அவருடைய நேரத்தைக் கேளுங்கள்: ஆண்டுக்கு இரண்டு முறை பட்டறையைச் சுற்றிப் பார்ப்பது, விபத்து நாளில் நேரில் வருவது, ஆணையர் அலுவலக விசாரணைக்குக் காகிதம் தயார் செய்வது. பல நிறுவனங்களின் விகிதங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் காப்பீட்டுத் தரகரை அணுகலாம். முகவர் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வருபவர், தரகர் உங்கள் சார்பில் பேசுபவர்.

புதுப்பிக்க மறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. பாதிப்பு உண்டா?

அந்த இரண்டு நாட்களுக்குக் காப்பீடு இல்லை. பிரீமியம் போய்ச் சேரும் வரை பொறுப்பு தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. காசோலை திரும்பினாலும் இதே நிலைதான்.

காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்துவிட்டால்?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். தனி ஒருவருக்குச் சொந்தமான நிறுவனமாகவோ குறுந்தொழிலாகவோ இருந்தால் அடுத்து சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டோடு புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அவர் எல்லைக்குள் வருகின்றன. ஆனால் இந்தச் சண்டை முடியட்டும் என்று தொழிலாளியின் இழப்பீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனத்திடம் திரும்ப வாங்குவது தனி வேலை. அதற்கான காகிதங்களோடு முகவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.